வாசிப்பில் நாட்டம் வருவது எப்படி: நூலக மேசையில் அடிக்கடி வந்து விழுந்த கேள்விகள்

தஞ்சைப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளை நூலகத்தில் 29 வருடம் நூலகராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலமானால் கால் அங்கேதான் போகிறது. புத்தகம் கேட்டு வருகிறவர்களுக்குச் சமமாகச் சந்தேகம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. ஆள் மாறும், கேள்வி மாறாது. "இதையெல்லாம் எழுதி வெச்சிடுங்க சார், எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்" என்று ஒரு அம்மா சொன்னதால் எழுத உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"எம் பையன் புத்தகத்தையே தொட மாட்டேங்குறான் சார். படிக்கிற பழக்கம் எப்படித்தான் வரும்?"

பேச்சு தானாக வரும். வீட்டில் நாலு பேர் பேசினால் போதும், குழந்தை பேசிவிடும். வாசிப்பு அப்படி வராது. மனிதன் எழுத ஆரம்பித்தே சில ஆயிரம் வருடங்கள்தான் ஆகின்றன. மூளையில் இதற்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் எதுவும் இல்லை. பார்ப்பதற்கு இருக்கிற பகுதியில் கொஞ்சத்தைக் கடன் வாங்கி, பேச்சுக்கு இருக்கிற பகுதியோடு முடிச்சுப் போட்டுத்தான் ஒவ்வொரு பிள்ளையும் படிக்கக் கற்கிறது. சைக்கிள் பழகுகிற முதல் வாரத்தில் யாருக்காவது சைக்கிள் பிடித்திருக்கிறதா? முட்டியில் சிராய்ப்புதான் மிச்சம். பிள்ளைகள் "பிடிக்கல" என்று சொல்வதில் பாதி, "கஷ்டமா இருக்கு" என்பதுதான். கஷ்டம் போனால்தான் பிடித்தம் வரும். அதனால் முதல் வேலை, அவனுக்குச் சுலபமாக இருக்கிற புத்தகத்தைத் தருவது.

இரண்டாவது வேலை, கைக்கு எட்டுவது. 1931-ல் எங்கள் பக்கத்து மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஆள் புத்தகத்தைத் தேடி வர மாட்டான், புத்தகம்தான் போக வேண்டும் என்று அப்போதே புரிந்திருக்கிறது. இன்று நிறைய வீடுகளில் புத்தகம் கண்ணாடி ஷோகேஸுக்குள் கோப்பைகளுக்குப் பின்னால் நிற்கிறது. சாவி அப்பாவிடம். தரையில் கிடக்கட்டும், ஊஞ்சலில் கிடக்கட்டும், கழிவறை ஜன்னலில்கூட இருக்கட்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

"நாங்க ரெண்டு பேரும் படிக்கிறவங்க இல்ல. அவன் மட்டும் படிப்பானா?"

படிக்கலாம். படிக்காத வீட்டிலிருந்து வந்து என் நூலகத்தையே காலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் படிக்கிற ஆள் ஒருத்தர் இருந்தார். ஒரு பையனுக்கு அது தையற்கடைக்காரர். துணி தைக்காத நேரத்தில் கிழிந்த வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். பையனிடம் "படி" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

வீட்டில் அந்த ஆள் நீங்களாக இருந்தால் நல்லது. பெரிய நாவல் வேண்டாம், தினசரியை முழுதாகப் படியுங்கள், அதையும் அவன் கண்ணில் படும்படி படியுங்கள். கையில் ஃபோனை வைத்துக்கொண்டு "போய்ப் படிடா" என்றால் அவன் ஃபோனைத்தான் படிப்பான்.

"எத்தனை வயசுல ஆரம்பிக்கணும்?"

மடியில் உட்கார ஆரம்பித்ததும். அப்போது படிக்கப் போவது நீங்கள், பிள்ளை கேட்கும், படம் பார்க்கும், ஓரத்தைக் கடிக்கும்.

தமிழில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. நாம் பேசுகிற தமிழ் வேறு, அச்சில் இருக்கிற தமிழ் வேறு. வீட்டில் "அவங்க வந்துட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை முதல் வகுப்பில் "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று பார்க்கிறது. எழுத்தும் புதிது, வாக்கியமும் புதிது. இரண்டு மலையை ஒரே நேரத்தில் ஏறச் சொல்கிறோம். மூன்று, நான்கு வயதிலேயே புத்தகத்தில் இருக்கிறபடி வாசித்துக் காட்டினால் "என்றாள்", "கொண்டிருந்தது" எல்லாம் காதுக்குப் பழகிவிடும். பிறகு எழுத்தை மட்டும் பழகினால் போதும். அதனால் கதையைப் பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்லிக்கொண்டே போகாதீர்கள். முதலில் இருக்கிறபடி வாசியுங்கள், புரியாத இடத்தில் மட்டும் நம் பேச்சில் சொல்லுங்கள். பிள்ளை தானாகப் படிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள் என்பதும் முக்கியம். பத்து வயதுப் பிள்ளைக்கும் யாராவது படித்துக் காட்டுவது பிடிக்கும்.

"நல்லா வாயடிக்கிறா. தமிழ்ப் புத்தகத்தைக் குடுத்தா மட்டும் எழுத்துக் கூட்டிக்கிட்டு நிக்கிறா. இங்கிலீஷ் மீடியம்தான் காரணமா?"

ஒரு காரணம். மேலே சொன்ன அச்சுத் தமிழ் இன்னொரு காரணம். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. தமிழில் 247 எழுத்து என்று பயப்படுகிறோம், ஆனால் உயிர், மெய், கொம்பு, கால், சுழி தெரிந்தால் எண்ணிக்கை ஒரு பிரச்சினையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். "கல்" என்பதிலும் "தங்கம்" என்பதிலும் "அகல்" என்பதிலும் ஒரே க-தான், ஒலி மூன்று. நாம் தடுமாறுவதில்லை, ஏனென்றால் அந்தச் சொல் நமக்கு முன்பே தெரியும். கண் எழுத்தைப் பார்ப்பதற்குள் சொல் வாய்க்கு வந்துவிடுகிறது. சொல் தெரியாத பிள்ளை ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்றுதான் போகும்.

வகுப்புக்கு ஏற்ற புத்தகத்தைக் கொடுக்காமல், இரண்டு படி கீழே இறங்கிக் கொடுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். பெயரே அழகாக இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பெண் "நுழை" புத்தகம் படித்தால் அவமானம் இல்லை. ஒரு வாரத்தில் "நட"வுக்கு வந்துவிடுவாள்.

ஒரு எச்சரிக்கை. எட்டு, ஒன்பது வயது ஆகியும், நல்ல டீச்சர் இருந்தும், மற்ற எல்லாவற்றிலும் சூட்டிகையாக இருந்தும் எழுத்து மட்டும் குழம்பினால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். இதைப் பற்றித் தெரிந்த நிபுணர்களிடம் காட்டுங்கள். அந்தப் பிள்ளைகள் அடி வாங்கியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அடியால் ஒரு எழுத்தும் நேராகவில்லை.

"எப்பப் பார்த்தாலும் காமிக்ஸ். இதெல்லாம் படிப்பா சார்?"

படிப்புதான். 1947-லிருந்து வந்த அம்புலிமாமாவும், 1972-ல் சிவகாசியில் கிளம்பிய முத்து காமிக்ஸும் எத்தனை பேரைப் படிப்பாளி ஆக்கியிருக்கின்றன என்று கணக்கெடுத்தால் எங்கள் நூலகத் துறைக்கே பொறாமை வரும். சொல் தெரியாத இடத்தில் படம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறது. அடுத்த கட்டத்தில் என்ன ஆகும் என்கிற அவசரம் பக்கத்தைத் திருப்ப வைக்கிறது. படிக்கப் பழகுகிறவனுக்கு வேறு என்ன வேண்டும்?

என் நூலகத்துக்கு ஒரு பையன் வருவான், விளையாட்டுப் பக்கம் மட்டும் படிப்பான். தினசரியில் அந்த ஒரு தாளை உருவிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவான், மற்றவர்கள் திட்டுவார்கள். முதலில் ஸ்கோர் மட்டும். பிறகு ஸ்கோருக்கு மேலே இருக்கிற செய்தி. ஒரு வருடம் கழித்து "சார், கிரிக்கெட் ஆடுறவங்க வாழ்க்கை வரலாறு இருக்கா" என்றான். ஒன்றுதான் இருந்தது. அதை முடித்துவிட்டு அதே அலமாரியில் அடுத்திருந்த விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை எடுத்தான், வேறு எதுவும் இல்லாததால்.

"பாடப் புத்தகம் ராத்திரி பத்து மணி வரைக்கும் படிக்கிறான். அது போதாதா?"

பாடப் புத்தகம் படிக்கிறவன் பின்னால் வரப்போகிற கேள்விக்காகப் படிக்கிறான். பென்சிலால் கோடு போட்டு, ஐந்து மதிப்பெண்ணுக்கு எவ்வளவு, இரண்டு மதிப்பெண்ணுக்கு எவ்வளவு என்று அளந்து படிக்கிறான். தவறில்லை, தேர்வு எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் புத்தகத்தை அவனுக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்தார்கள். நாட்டம் என்பது தானே எடுப்பதில்தான் பிறக்கிறது. தவறாக எடுத்து, சலித்து, திருப்பிக் கொடுத்து, வேறு எடுத்து...

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்குப் பேராசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். வந்த புதிதில் வேலை சலித்துப்போய்க் கல்லூரிக்கே திரும்பிவிடப் பார்த்தார், லண்டன் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய் என்று அனுப்பினார்கள். போய் வந்தவர் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். எனக்கு இரண்டாவதை விட மூன்றாவதில்தான் மயக்கம். கடைசிக் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

"கதைப் புத்தகம் படிச்சா மார்க் கூடுமா?"

சொல்வளம் கூடும். நாம் பேசுகிற பேச்சில் வருவதை விட அரிய சொற்கள் சாதாரணச் சிறுவர் கதையிலேயே அதிகம் வரும். கணக்கில்கூட வாக்கியமாக வருகிற கணக்கைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறவர்கள் பாதிப்பேர் கணக்கில் தடுமாறுவதில்லை, வாக்கியத்தில் தடுமாறுகிறார்கள்.

ஆனால் படித்ததால் மார்க் வந்ததா, நன்றாகப் படிக்க வந்ததால் நிறையப் படித்தானா என்று பிரிப்பது கஷ்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு போகும். இருப்பவனுக்கே மேலும் சேரும் என்கிற பைபிள் வசனத்தை வைத்து இதற்கு மத்தேயு விளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் பின்தங்கிய பிள்ளை குறைவாகப் படிக்கும், குறைவாகப் படிப்பதால் இன்னும் பின்தங்கும். அதனால்தான் முதல் கேள்வியில் சுலபமான புத்தகம் என்று அழுத்திச் சொன்னேன். மற்றபடி மார்க்குக்காக நாவல் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் அந்த வாசனையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பாதியில விட்டுட்டா பாவம் மாதிரி இருக்கு. விடலாமா?"

தாராளமாக. ஐம்பது பக்கம் கொடுங்கள், அப்புறம் மூடுங்கள்.

எங்கள் நூலகத்தில் துப்பறியும் நாவல்களைப் பாதியில் விட வேறொரு காரணம் இருந்தது. முதல் பக்கத்திலேயே யாராவது பென்சிலால் "கொலை செய்தது தம்பிதான்" என்று எழுதி வைத்திருப்பார்கள். அழித்து அழித்து ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு தடவை அதற்குக் கீழேயே இன்னொருவர் "பொய். நம்பாதீர்கள்" என்று எழுதியிருந்தார். அந்தப் புத்தகம் மட்டும் அலமாரியில் நிற்கவே இல்லை, கைமாறிக்கொண்டே இருந்தது.

"படிச்சதெல்லாம் மறந்துபோகுது சார். பேர்கூட ஞாபகம் இல்ல. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?"

எனக்கும்தான் மறந்துவிடுகிறது. பதினேழு வயதில் ஒரு நாவல் படித்தேன். கதை சுத்தமாக நினைவில் இல்லை, அட்டைகூட. அதில் ஒருவர் நிலத்தை விற்றுவிட்டுப் பத்திரம் முடிந்த அன்று வரப்பில் போய் நின்று, தண்ணீர் மடையைக் காலால் சரி செய்வார். இனிமேல் அவருடைய வயல் இல்லை, ஆனாலும் செய்வார். அது மட்டும் தங்கிவிட்டது.

இருபது வருடம் கழித்து என் அப்பா எங்கள் ஒன்றரை மா நிலத்தை விற்றார். பதிவு முடிந்து பஸ்ஸுக்குப் போகாமல் வயல் பக்கம் திரும்பினார். "எங்கே போறீங்க, வெயில்" என்று கத்த வாயெடுத்தவன் பேசாமல் பின்னால் போனேன். அவர் மடையைச் சரி செய்யவில்லை, சும்மா நின்றார். நானும் நின்றேன். அந்த நாவலைப் படிக்காமல் இருந்திருந்தால் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். படித்தது நம்மை என்ன செய்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரிந்த நேரான பதில் இதுதான். பெயர் போகும், கதை போகும். எங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது போல ஏதோ ஒன்று தங்கும்.

தகவலுக்காகப் படிக்கிறவர்கள் மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. படித்த அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு வாருங்கள், அங்கே எல்லோரும் சொல்லத்தான் வந்திருப்பார்கள்.

"வேகமாப் படிக்க ஏதாவது வழி இருக்கா? நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தைன்னு சொல்றாங்களே?"

ஆங்கிலத்தில் சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு 200-லிருந்து 250 சொல் வரை மனசுக்குள் படிப்பார் என்பார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். "படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் ஒரு சின்ன ஊர்வலமே கிளம்பும்.

வேக வாசிப்பு வகுப்பில் சொல்கிற வேகத்தில் போனால் புரிதல் குறையும். நிறையப் படித்தால் வேகம் தானாக வரும். அவசரம் என்ன? யாரும் பின்னால் ஹாரன் அடிக்கவில்லை.

"ஃபோன்ல படிக்கிறதும், ஆடியோவா கேக்குறதும் கணக்குல சேருமா?"

சேரும். கதை படிப்பதில் தாளுக்கும் திரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கட்டுரை, பாடம் மாதிரி விஷயங்களில் தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு ஃபோனின் மேல் இருக்கிற குறை திரை அல்ல, மேலே டிங் என்று வந்து விழுகிற செய்திதான். அதை அணைத்துவிட்டுப் படிக்க முடிந்தால் மதுரைத் திட்டத்தில் 1998-லிருந்து ஏற்றி வைத்த பழந்தமிழ் நூல்கள் இருக்கின்றன, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. எல்லாம் இலவசம். என் நூலகத்தில் கண்ணில்கூடப் பார்க்காத புத்தகங்களை அதில்தான் பார்த்தேன்.

கேட்பது நமக்குப் புதிதே இல்லை. டீக்கடையில் ஒருவர் தினசரியை உரக்கப் படிக்க, பெஞ்சில் எட்டுப் பேர் கேட்பார்கள். கோயிலில் பாரதம் படிக்கிறவர் ஒருவர், கேட்கிறது ஊர். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், எழுத்துப் பழகுகிற பிள்ளைக்கு ஆடியோ மட்டும் போதாது. காதுக்குக் கதை கிடைக்கும், கண்ணுக்குப் பழக்கம் கிடைக்காது.

"சின்ன வயசுல ராப்பகலா படிச்சவன் சார் நான். இப்ப நாலு பக்கம் தாண்ட மாட்டேங்குது. என்ன ஆச்சு எனக்கு?"

நாற்பது வயதைத் தாண்டினவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி இது. ஏதோ வியாதியைச் சொல்வது மாதிரி.

சைக்கிள் மறக்காது, மூச்சுதான் வாங்கும். வங்கியில் வேலை பார்த்த ஒரு நண்பர் சொன்னார், "ஒரு பக்கம் முடிஞ்சதும் கை தானா சட்டைப் பைக்குப் போகுது, ஃபோன் அடிச்சா மாதிரி இருக்கு, எடுத்துப் பார்த்தா ஒண்ணும் இல்ல." அவர் செய்த வைத்தியம் எளிது. நூலகத்துக்கு வரும்போது ஃபோனை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டு வந்தார். முதல் நாள் பத்து நிமிடம்தான் உட்கார்ந்தார், மூன்று தடவை வெளியே போய் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு மாதத்தில் நான் விளக்கை அணைத்து "சார், பூட்டணும்" என்று சொல்கிற நிலைக்கு வந்துவிட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு வயதில் பிடித்ததைப் படித்தோம். நாற்பதில் படிக்க வேண்டியதைப் படிக்கிறோம். எல்லோரும் பேசுகிற தடித்த புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அதற்குப் பயந்து எதையுமே படிக்காமல் இருக்கிறோம். அதை எடுத்து உள்ளே வையுங்கள். பத்தாம் வகுப்பில் கிறுக்காகப் படித்த அந்தப் பழைய நாவலை மறுபடி எடுங்கள். இல்லையென்றால் சிறுகதை, ஒரே உட்காரலில் முடிகிற மாதிரி. முடித்தோம் என்கிற ருசி திரும்ப வர வேண்டும், அதுதான் முக்கியம்.

"அம்மாவுக்கு அறுபத்தி மூணு ஆகுது. இப்பப் போய்ப் பழக்கம் வருமா?"

முதலில் கண்ணைக் காட்டுங்கள். புரை இருந்தால் எடுத்துவிட்டு, சரியான கண்ணாடி போட்டுவிட்டு, அப்புறம் பழக்கத்தைப் பற்றிப் பேசலாம். "எனக்குப் பிடிக்கல" என்று சொன்ன நாலைந்து பாட்டிகளுக்கு எழுத்துக் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

அடுத்து, அவர்கள் படிக்காதவர்கள் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். பலர் நிறுத்தினவர்கள், கல்யாணத்தோடு. பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்த காலத்திலும் அதற்குப் பிறகும், வாரா வாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! அப்படி ஒரு பைண்டு எங்கள் நூலகத்துக்கு நன்கொடையாக வந்தது, வேறொரு தொடர்கதை. கதை முடிகிற பக்கத்தின் பின்னால் கூந்தல் தைல விளம்பரம், பாதியில் வெட்டுப்பட்ட ஒரு துணுக்கு. அதைப் புரட்டிய ஒரு பாட்டி கதையை விட்டுவிட்டு அந்தத் துணுக்கின் மீதியை ஞாபகத்திலிருந்து சொன்னார். நாற்பது வருடம் கழித்து! அடுத்த வாரமே உறுப்பினரானார்.

எழுத்தே தெரியாதவர்களாலும் முடியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது புதுக்கோட்டைப் பக்கம் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். ஆனால் கற்ற எழுத்து நிற்க வேண்டுமானால் அப்புறமும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். படிக்க ஒன்றும் கிடைக்காவிட்டால் கையெழுத்து மட்டும்தான் மிஞ்சும்.

"நிறையக் கதை படிச்சா மனுஷன் நல்லவனா ஆவானா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. 2013-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இலக்கியத் தரமான கதையைக் கொஞ்ச நேரம் படித்தவர்கள் அடுத்தவர் மனதைச் சரியாக ஊகிக்கிறார்கள் என்று. பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. பிறகு வேறு ஆட்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஒரு மத்தியானம் கதை படித்தால் குணம் மாறும் என்பது அவ்வளவுதான்.

"படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்" என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் பெரிய அகராதியிலிருந்து இரண்டு தாளைப் பிளேடால் அறுத்துக்கொண்டு போனவர் ஊரிலேயே அதிகம் படித்தவர். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கடைசிவரை இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

மறதி பற்றிய கேள்வியில் என் அப்பா கதையைச் சொன்னேனே, அது குணம் மாறியதால் வந்தது இல்லை. ஒரு நொடி நிதானம் கிடைத்தது. வாசிப்பு தருவது அந்த நொடியைத்தான். அந்த நொடியில் என்ன செய்கிறோம் என்பது நம் பாடு.

"இவ ரொம்பப் படிக்கிறா சார். விருந்தாளி வந்தாலும் எழுந்து வரமாட்டேங்குறா. பிடுங்கி வைக்கலாமா?"

பிடுங்காதீர்கள். விருந்தாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகச் சொல்லுங்கள், போதும். படிக்கிற பிள்ளை தனியாக இருப்பதாக நமக்குத் தோன்றும், அவளுக்கு அங்கே கூட்டமாக இருக்கும். வெயிலிலும் கொஞ்ச நேரம் விளையாடட்டும். வெளியில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் முன்பு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று புத்தகத்துக்குள் போய்விட்டால் புத்தகத்தைப் பார்க்காதீர்கள், பள்ளியில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

"வயசுக்கு மீறின புத்தகம் எடுத்திருக்கான். நீங்க எப்படிக் குடுத்தீங்க?"

சண்டைக்கு வந்த அப்பாக்கள் கேட்டது. பெரும்பாலும் பிள்ளைகள் தங்களுக்குப் புரியாததைத் தாண்டிக்கொண்டு போய்விடுவார்கள், புரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். "என்னடா கதை?" என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் கேட்டால் உங்களுக்குப் பயம் போய்விடும். பயம் போகவில்லையென்றால் நீங்களும் அதைப் படியுங்கள். வீட்டில் இரண்டு வாசகர் ஆகிவிடும்.

ஆனால் நானும் ஒரு தடவை மறுத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண், நல்ல வாசகி. பெரியவர்களுக்கான ஒரு நாவலை எடுத்து வந்தாள். "இது உனக்கு வேணாம்மா" என்று வாங்கி மேசைக்கு உள்ளே வைத்துக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டாள். அந்த ஒரு புத்தகத்துக்குப் பதிலாக ஆயிரம் புத்தகத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்று அடுத்த மாதம்தான் புரிந்தது, அவள் வராதபோது. ஊருக்குச் சொல்வது ஒன்று, நானே செய்தது வேறொன்று. இன்றைக்கு என்றால், கொடுத்துவிட்டு, "படிச்சிட்டு வந்து என்கிட்ட பேசணும்" என்பேன்.

"இவ்வளவு வருஷம் புத்தகத்தோட இருந்தீங்களே, உங்களுக்கு என்ன கிடைச்சது?"

பென்ஷன் என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிடுவேன். கேட்டவர் போகாமல் நின்றால், ரங்கநாதனின் அந்த மூன்றாவது விதியை நினைத்துக்கொண்டு இதைச் சொல்வேன்.

நூலகப் புத்தகத்தில் தேதி முத்திரை குத்துகிற தாள் ஒன்று ஒட்டியிருக்கும். எங்களிடம் பறவைகள் பற்றி ஒரு தடித்த புத்தகம் இருந்தது. பதினோரு வருடமாக அந்தத் தாள் வெள்ளையாகவே இருந்தது. கழித்துவிடலாம் என்று பட்டியலில் எழுதிவிட்டேன். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வெளியூர்க் குடும்பங்கள் எங்கள் பக்கம் வரும். அதில் ஒரு பையன், பன்னிரண்டு வயது இருக்கும், மழைக்கு ஒதுங்கியவன், கழிப்பதற்குக் கட்டி வைத்த புத்தகங்களின் மேலே இருந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டான். நிலையான முகவரி இல்லாதவனுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. என் அட்டையில் எடுத்துக் கொடுத்தேன். முதல் முத்திரை விழுந்தது.

போனது போனதுதான் என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் கழித்துப் பக்கத்து ஊர் டவுன் பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். ஓரமெல்லாம் சேறு. தாரா வகைப் பறவைகள் இருக்கிற பக்கத்தில் ஒரு படத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கோணல் எழுத்தில், "எங்க ஊர்ல இதுக்கு வேற பேர்" என்று எழுதி, அந்தப் பெயரையும் எழுதியிருந்தான்.

விதிப்படி அதை அழித்திருக்க வேண்டும். ரப்பர் மேசை மேலேதான் இருந்தது. புத்தகத்தின் பெயரை மட்டும் கழிவுப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, அலமாரியில் திரும்ப வைத்தேன்.